ஆணா பெண்ணா என்று கேட்டவர்களுக்கு

என் பெயருக்கு முன்னால் ஏழெட்டு அடைமொழிகளை அடுக்கி வைத்து என்னை அழைத்த சங்கத் தலைவர் அவர்களே! மேடையை அணிசெய்யும் மூத்தவர்களே! காலை ஷிஃப்ட் முடித்து, ஈரக் கை உலருமுன் ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோழர்களே! களைத்துப்போன ஒரு தொண்டையின் கனிவான வணக்கம்.

"இன்று மர்மம் விலகும்" என்றார் தலைவர். என்ன மர்மம் ஐயா? இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் உங்களோடு நின்று போர்வை பிழிகிறவளிடம் என்ன மர்மம்?

கழுத்தில் ஒரு கட்டி. கத்தி வைத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. திரும்பி வந்தது கனத்த குரல், கரகரத்த குரல், போனில் பேசினால் "சொல்லுங்க சார்" என்று கேட்கவைக்கும் குரல். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முதலில் நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவர்தான். பேஸ் கிட்டார் வாசிக்கும் என் அண்ணன். "இந்தக் குரலுக்குன்னு ஒரு பாட்டு இருக்கு, வா" என்றார். பாடினேன். படம் போடாமல் வெளியிட்டோம். ஊரே கேட்டது, ஊருக்கே சந்தேகம் வந்தது. பாடுவது ஆணா? பெண்ணா? வானொலியில் கேட்டார்கள். முடிதிருத்தும் கடையில் பந்தயம் கட்டினார்கள். பாட்டு நன்றாயிருக்கிறதா என்று கேட்டவர் உண்டா?

ஒரு நிருபர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் என் மாமியார்.

"பாடகரைப் பாக்கணும்மா."

"அவ குளிக்கிறா."

"அவளா? அப்போ பொம்பளையா?"

"ஏன் தம்பி, ஆம்பளைன்னா முதுகு தேய்ச்சுவிடப் போறியா?"

போதும், கைதட்டாதீர்கள்! மாமியார் பின்வரிசையில்தான் இருக்கிறார், அப்புறம் அவருக்குத் தலைகால் புரியாது.

மறுநாள் செய்தி வந்தது: 'பெண்ணாம், நம்பலாமா?' அந்தச் செய்தி பள்ளிக்கூடத்துக்கும் போனது. மகள் வீடு வந்தாள். தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, உங்கம்மா ஆம்பளையான்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. உன் பழைய குரல் எப்படிம்மா இருக்கும்? எனக்கு மறந்துபோச்சு."

எந்தக் குரலில் அதைச் சொல்வேன்?

இனிப் பாடமாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "பாடாதே. ஆனா கேட்டவங்களுக்கு ஒரு பதில் சொல்லிட்டு நிறுத்து" என்றார். பேஸ் கம்பிகளை அறைந்தார், இழுத்தார், சுண்டினார். உட்கார்ந்திருப்பவன் காலும் தானாக ஆடும் ஃபங்க் தாளம் அது! அழவேண்டியதை அந்த ஆட்டத்தில் பாடினேன்:

"ஆணா பெண்ணா ஆராயாதே,
வாசல்ல நின்னு வாய்பாக்காதே,
கட்டி எடுத்தாங்க, கழுத்து இருக்கு,
கழுத்துக்குள்ள இன்னும் நான் இருக்கேன்!"

பாடிக் காட்டச் சொல்கிறீர்கள். இன்று வேண்டாம், தொண்டை ஓய்வு கேட்கிறது.

அதையும் வெளியிட்டோம். பதில் வந்தால் கேள்வி அடங்கும் என்று நினைத்தேன். அடங்கியதா? தழும்பைக் காட்டு என்றார்கள். பழைய புகைப்படம் கேட்டார்கள். டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். என் பாட்டுக்கு ஆடிக்கொண்டே கேட்டார்கள்! விளக்கி விளக்கி வெறுத்துப்போனேன் தோழர்களே. கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

அந்த அலுப்போடுதான் போன வாரம் மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் அதே பாட்டு. பின்னால் ஒருவர், "இது ஆம்பளைதான், என்ன பந்தயம்?" என்றார். நான் திரும்பவில்லை. திரும்பத் தெம்பில்லை. பக்கத்திலிருந்த மகள் திரும்பினாள்.

"அங்கிள், அது எங்க அம்மா. நல்லாப் பாடுவாங்க."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஓட்டப்பந்தயம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவள் எதையும் விளக்கவில்லை, எதையும் நிரூபிக்கவில்லை. இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அந்த மைதானத்தில்தான் மூச்சை விட்டேன்.

ஆகவே அன்பர்களே, இனி நான் விளக்கப் போவதில்லை! தழும்பைத் திறந்து காட்டப் போவதில்லை! பாடுவேன்! கேட்கிறவர் கேட்கட்டும், ஆடுகிறவர் ஆடட்டும், ஆராய்கிறவர் ஆராய்ந்து ஆராய்ந்து களைக்கட்டும். என் பங்குக் களைப்பை நான் பட்டு முடித்துவிட்டேன்!

நாற்காலி போட்டவர்களுக்கும், இந்த மைக்கை என் குரலுக்கேற்பத் தணித்து வைத்த தம்பிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.