விதை கழுவிய தண்ணீர்

தலைமையேற்றிருக்கும் முகைதீன்பாவா ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வயல் வட்டையில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயிகளே, திரைக்கு அப்பால் இருந்து கேட்கும் தாய்மார்களே, கணவரின் மறைவுக்காக இத்தாவில் வீட்டுக்குள் இருந்தபடி இந்த ஒலிபெருக்கிக்குக் காதுகொடுத்திருக்கும் அபூசாலி அவர்களின் துணைவியார் ஜெமீலா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

நான் பாண்டிருப்பு நல்லரெத்தினம். விவசாயப் போதனாசிரியன். அபூசாலி அவர்களோடு ஒரே அலுவலகத்தில், பல நாள் ஒரே மோட்டார் சைக்கிளில், வேலை செய்தவன். சற்றுமுன் தலைவர் என் காதுக்குள், "சுருக்கமாக் கதைங்க" என்றார். மண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பின்னேரம் அஸருக்குத் தொடங்கிப் பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும்வரை நிறுத்தாத மனிதர் அபூசாலி. அவரைப் பற்றி எப்படிச் சுருக்கமாகக் கதைப்பது?

விவசாய ஆராய்ச்சி உத்தியோகத்தர் மர்ஹூம் அபூசாலி என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நல்லது. அவர் எதை ஆராய்ந்தார் என்று அதில் இல்லை. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த எத்தனையோ பேர் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். அவர் போன பிறகாவது ஊர் அதை அறியவேண்டாமா?

அவரை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை மட்டும் சோயாவின் வேரில் முடிச்சுப்போட்டுக் குடியிருந்து, காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குப் பசளையாகக் கொடுக்கிறது. கச்சான் கடலையோடு சேருகிற வகை சோயாவோடு சேருவதில்லை. அந்த இருட்டுக்குள் செடி தன் கூட்டாளியை எப்படி அடையாளம் காண்கிறது? விதையில் உள்ள லெக்டின் என்ற புரதந்தான் அவனைப் பிடித்துக்கொள்கிறது என்று வெளிநாட்டில் சிலர் எழுதினார்கள். வேறு சிலர் மறுத்தார்கள். இவர் கல்முனையில் ஒரு தகரக்கூரை அறைக்குள் இருந்துகொண்டு, என் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று நின்றார்.

"வெதை சும்மா கெடக்கல்ல மச்சான்" என்பார். "அது ஆள் புடிக்கிது."

அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்க அவர் கையாண்ட வழி, ஆட்டு இரத்தம். விதையை அரைத்து ஊறவைத்த நீரை அதில் விடுவார். புரதம் இருந்தால் இரத்தம் திட்டுத்திட்டாகக் கூடி அடியில் படியும். ஆகவே காலையில் ஹமீட் காக்காவின் இறைச்சிக்கடைக்குச் சிறிய போத்தலோடு போவார். எல்லோரும் ஈரல் கேட்பார்கள், இவர் இரத்தம் கேட்பார். வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பு மாற்றி, அதன்பிறகுதான் பள்ளிக்குப் போவார். ஊர் போத்தலைப் பார்த்தது. குளித்ததை யார் பார்த்தார்கள்?

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சிறுபோகத்தில் கரைவாகு வட்டையின் மேட்டு ஓரங்களில் முதன்முதலாகச் சோயா போட ஏற்பாடு செய்தோம். எங்கள் மண்ணில் சோயாவுக்குரிய பற்றீரியா இல்லை. அவற்றைக் கரும்பொடியில் வளர்த்து, கஞ்சித்தண்ணீரில் குழைத்து, விதையில் பிரட்டி, வீடுவீடாகக் கொடுத்தார் அபூசாலி. விதைத்தார்கள். முளைத்தது. பிறகு மேடு முழுக்க மஞ்சள் பூசினாற்போல் வெளிறிக்கொண்டே போனது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுக்கூட இல்லை.

அவர் சாப்பிடவில்லை. பொடியைச் சோதித்தார், சரி. விதையைச் சோதித்தார், சரி. கந்தோரில் எங்களோடு வேலை செய்த சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன், இரண்டு பேர் இங்கேதான் இருக்கிறார்கள்.

கடைசியில் ஹாஜறா உம்மாவின் மேட்டுக்குப் போனோம். கணவரை இழந்தபின் தானே நின்று காணி செய்பவர். ஒளிவுமறைவு தெரியாதவர்.

"ராத்தா, வெதைச்ச அண்டைக்கு என்ன செஞ்சீங்க?" என்று அபூசாலி கேட்டார்.

"என்ன செய்யிற? ஊறப்போட்டு மூணு தண்ணியில நல்லாக் கழுவித்தான் வெதைச்ச."

"ஏன் ராத்தா கழுவின?"

"ஒங்கட கறுத்தப் பொடியில ஆட்டு ரெத்தம் இரிக்கி எண்டு எல்லாருந்தான் கதைச்சாங்க. ரெத்தம் நஜீஸ், அசுத்தம் இல்லியா தம்பி? நஜீஸ் பட்டத எப்பிடிக் கழுவாம வெதைக்கிற?"

ஊர் முழுக்கக் கழுவியிருந்தது. நான் கத்த வாயெடுத்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும், உங்களுக்குத் தெரியும். அபூசாலி என் கையைப் பிடித்தார்.

"நீங்க செஞ்சது சரி ராத்தா. வெளங்கப்படுத்தாம குடுத்தது என்ட பிழை" என்றார்.

படித்த மனிதர் எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்? அடுத்த நாளே அறையைத் திறந்து எல்லோரையும் கூட்டி வந்து, இரத்தம் இருக்கும் மேசை இது, பொடி செய்யும் மேசை அது, ஒன்று மற்றதைத் தொடாது என்று காட்டினார். அதோடு விட்டாரா? "கழுவுற ஆக்கள் கழுவட்டும். நாம வழிய மாத்துவம்" என்று, பொடியை ஈரமண்ணில் கலந்து விதைக்கும் சாலிலேயே போடச் சொல்லித் தந்தார். இன்றைக்கு நீங்கள் செய்வது அதுதான்.

இன்னும் ஒன்று. ஹாஜறா உம்மா சொன்னது அவர் மனதில் வேலை செய்துகொண்டே இருந்தது. தானும் சோயாவை ஊறப்போட்டு, கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து இரத்தத்தில் விட்டார். இரத்தம் திட்டுத்திட்டாகப் படிந்தது. அரைக்காத விதை, வெறுமனே நனைந்த விதை, தன் புரதத்தைத் தண்ணீருக்குள் விட்டிருந்தது. அப்படியென்றால் மண்ணில் ஈரம் பட்டதும் விதை வேர்விட முன்னமே ஆள்பிடிக்கத் தொடங்கிவிடுகிறது என்றுதானே எண்ணத் தோன்றும்? அதுதான் முழு விடை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரத்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடி வந்த முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள். முஸ்லிம் ஊரான மருதமுனையில் சாப்பிட்டு, தமிழ் ஊரான பாண்டிருப்பில் தேத்தண்ணி குடித்து, யார் எந்தப் பக்கம் என்று எவரும் கேட்காத நாட்கள்.

ஹாஜறா உம்மாவின் மேடு மட்டும் பிந்திய விதைப்பாகப் புதுமுறையில் போட்டோம். பச்சைப்பசேல் என்று வந்தது. அதே வருடக் கடைசியில் சூறாவளி. அறையின் கூரை போனது, சோதனைக்குழாய் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் போச்சு என்று நான் அழுதேன். அவரோ அடுத்த சிறுபோகத்தில் அதே மேட்டில், பொடி எதுவும் போடாமல், சோயாவை மட்டும் விதைக்கச் சொன்னார். வேரில் முடிச்சு இருந்தது, பற்றீரியா மண்ணுக்குள் பிழைத்திருந்தது. அதைக் கீறித்தான் மறுபடி வளர்த்தெடுத்தார். இந்தக் கரையோரம் முழுக்கப் போன பொடி அந்த ஒரு மேட்டிலிருந்து வந்தது.

நண்பர்களே, இப்போது நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நாட்டுக் குழப்பத்தால் மின்சாரம் இல்லை. வீதியெல்லாம் தடை, எங்களாலும் அறைக்குப் போக முடியவில்லை. போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது பற்றீரியா வளர்த்த குழாய்கள் எல்லாம் பூஞ்சணம். அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. மேலிடம் உடனே சொல்லிவிட்டது: வளர்ப்பு செத்துவிட்டது, ஆளும் இல்லை, இனி அறை எதற்கு, மூடிச் சாவியை அனுப்புங்கள் என்று. ஆள் இல்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தை இந்த மேடையில் சொல்லக்கூடாது.

இன்று காலை நான் கரைவாகுக்குப் போனேன். ஹாஜறா உம்மா இந்தப் போகமும் மேட்டோரத்தில் சோயா போட்டிருக்கிறார். ஒரு செடியைத் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே சிவப்பு. உயிருள்ள முடிச்சின் சிவப்பு.

ஆகவே அபூசாலி அவர்களின் பெயரால், அவர் பேச்சை இந்த வீதி முழுக்கக் கேட்ட நீங்கள் சாட்சியாக, சொல்கிறேன்: சாவியை நான் அனுப்பமாட்டேன். நாளைக் காலையில் அறையைத் திறப்பேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். அவருக்கு மேலான சுவர்க்கம் கிடைக்க நீங்கள் துஆச் செய்யுங்கள், நான் எனக்குத் தெரிந்தபடி கும்பிடுகிறேன்.

இந்த மேசைக்குக் கீழே ஈரச் சாக்கில் இன்னொரு செடி இருக்கிறது. சேறு ஒழுகுவதைப் பார்த்துத் தலைவர் முகம் சுளிக்கிறார், மன்னிக்கவேண்டும். பிடுங்கித் தந்தவர் ஹாஜறா உம்மாதான். எதையும் கழுவாமல் கையில் கொடுக்காத மனுசி, வாய்க்கால் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மண்ணோடு சாக்கில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"நான் கழுவல்ல தம்பி" என்றார். "அப்பிடியே கொண்டு போங்க."