நூத்துப் பன்னெண்டு கையெழுத்து

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் தலையில மிச்சம் இருக்கிற நாலு முடியும் இப்பவே கொட்டிரட்டும் சார். சிரிக்காதீங்க, நுரை வாய்க்குள்ள போயிரும். கழுத்த லேசா சாய்ங்க. ம், அப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆங், தங்கச்சி. விமானம் ஓட்டுறான்னதும் கண்ண அகலமா தொறந்தீங்களே! எல்லாரும் அப்படித்தான். அண்ணன் சவரம் பண்றான், தங்கச்சி பைலட்டாம், சும்மா அளக்குறான்னு. நான் அஞ்சாவதே தாண்டல சார். அவ எனக்கும் சேத்துப் படிச்சுட்டா.

அவகிட்ட ஒரு நோட்டு இருக்கு. என்னிக்கு, எங்கேருந்து எங்க பறந்தா, எத்தன மணி நேரம், எந்த சீட்டு, எல்லாம் பொடிப்பொடியா எழுதணும். அப்படி எறும்பு மாதிரி ரெண்டாயிரம் மணி நேரம் சேத்துட்டா. இப்ப வேற நாட்டுல கூப்பிட்டாங்க, வா, கேப்டன் ஆக்குறோம்னு. நோட்டத் தூக்கிட்டு ஓடினா.

அங்க லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு அம்மா, கண்ணாடிய மூக்கு நுனியில தொங்கவிட்டுக்கிட்டு, வலது பக்க சீட்டுல, அதான் துணை பைலட் சீட்டுல, உக்காந்த நேரத்துக்குப் பாதிதான் தருவோம்னுச்சாம். ஏன் சார், அந்த சீட்டுல உக்காந்தா விமானம் பாதி தூரம்தான் போகுமா? அடுத்து ராத்திரிக் கணக்கு. பழைய நாட்டுல சூரியன் விழுந்தா ராத்திரி. அங்க நல்லா இருட்டணுமாம். நடுவுல பறந்த அரை மணி அரை மணியெல்லாம் கோவிந்தா! எப்ப இருட்டுதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். வானத்துல சேத்தது தரைக்கு வந்ததும் கரைஞ்சுபோச்சு.

அதுகூடப் போகட்டும். மாட்டிக்கிட்டது வேற இடத்துல. பக்கத்துல கேப்டன் உக்காந்து மேற்பார்வை பாப்பாரு, இவளே முழுப் பொறுப்பெடுத்து ஓட்டுவா. அந்த நேரத்த கேப்டன் நேரமா எழுதிக்கலாம். பழைய நாட்டுல எழுதினாலே போதும். புது நாட்டுல ஒவ்வொரு வரிக்கும் அந்த கேப்டன் கையெழுத்து போட்டிருக்கணும். நூத்துப் பன்னெண்டு தடவ ஓட்டியிருக்கா சார், எல்லாம் ஒரே ஆளோட. எறங்கினதும் நோட்ட நீட்டுவாளாம். அவரு தொப்பிய மாட்டிக்கிட்டே, நான் என்ன சினிமா நடிகனா, ஆட்டோகிராஃப் கேக்குறே, இங்கெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க, போம்மான்னுட்டுப் போயிருவாராம்.

என்ன சார் இருமுறீங்க? நுரை போயிருச்சா? சொன்னேன்ல.

எங்கிட்ட வாய்க்கு வாய் பேசுறவ, அவருகிட்ட மண்டைய ஆட்டிட்டு வந்திருக்கா. இப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போயாகணும். இல்லன்னா அந்த வேலை வேற ஆளுக்கு. அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. நாலு கடிதம் போட்டா, பதில் இல்ல. போன் எடுக்கல. விடுண்ணா, மறுபடி பறந்து சேத்துக்கிறேன்னா. சொல்லிட்டு, கையெழுத்து விழாத அந்தக் காலிக் கட்டத்த விரலால தடவிக்கிட்டே உக்காந்திருக்கா. எனக்குத்தான் தாங்கல.

அசையாதீங்க. மீசையில இடது பாதி எடுத்தாச்சு.

ம்? இந்தக் கடைக்கு நான் புதுசான்னா? ஆமா சார், ஒன்பது நாள்தான். என் கடையப் பூட்டிட்டு, மூணு ஊர் தாண்டி வந்து, சம்பளமே வேணாம்னு சேந்தேன். முதலாளி என்னைக் கிறுக்கன்னு நெனச்சுட்டாரு. நம்ம சார் மாசத்துக்கு ஒரு தடவ இந்த நாற்காலிக்குத்தான் வருவாருன்னு உங்க வீட்டு வாட்ச்மேன் சொன்னாரு.

எந்திரிக்காதீங்க, கேப்டன் சார். கண்ணாடிய ஒரு தடவ பாத்துட்டு எந்திரிங்க. பாதி மீசையோட தெருவுல நடக்கலாம், கூடாதுன்னு சட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. எந்த நாட்டுலயும் இல்ல. நான் பொய்க் கையெழுத்தா கேக்குறேன்? பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதானே!

இந்தாங்க நோட்டு. பேனாவுல மை புதுசா ஊத்தியிருக்கேன். சவரத்துக்கு நயா பைசா வேணாம், அது என் கணக்கு. ஆனா இவ்ளோ நேரம் தொண்டை வறளக் கதை சொன்னேன்ல, அதுக்குக் கூலி குடுத்துட்டுப் போங்க. முதல் வரிலேருந்து ஆரம்பிங்க. மெதுவா போடுங்க, மீதி மீசை எங்கயும் ஓடிராது.