முறியாத எலும்பு

— டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளக்குக்கு நேரா புடிச்சாருப்பா. மூணு தடவை பார்த்தாரு. அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு அவங்களையும் பார்க்கச் சொன்னாரு.

— அய்யய்யோ! முறிஞ்சு போச்சாம்மா?

— முறியலப்பா! லோரி மேலேருந்து தார் ரோட்டுல விழுந்திருக்கேன், எலும்புல ஒரு கீறல் கூட இல்ல. வெறும் வீக்கம்தானாம்.

— மாதாவே! இரு ரூத்து, இந்த பெஞ்சில உக்கார்ந்துக்கிறேன். நம்ம ஊருக்குப் போற லூனாஸ் பஸ்ஸு வர நேரம் இருக்கு.

— விழுந்தது நானு, உக்கார்றது நீங்களா? கேளுங்கப்பா. எனக்குப் பொறக்கும்போதே குரோமோசோம் ஒண்ணு கொறைச்சல், உடம்பு தானா ஹார்மோன் சுரக்காது, பதிமூணு வயசுல பினாங்குல மாத்திரை ஆரம்பிச்சாங்கன்னு எல்லாத்தையும் சொன்னேன். இன்னும் சாப்பிடுறியான்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்னே?

— உள்ளதைச் சொன்னேன். எழுபத்தெட்டுலயே வாய்க்கால்ல வீசிட்டேன்னு.

— மறப்பேனா தாயி? இனி வளர மாட்டேன்னு தெரிஞ்ச அன்னிக்கு தோட்டத்துல லயத்து வீடு எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி அழுதியே. மாத்திரையைக் கண்ணுல காட்டினா கெணத்துல விழுவேன்னே. அது உயரத்துக்கு மட்டுமில்ல, எலும்புக்கும் வேணும்னு பினாங்கு டாக்டர் சொல்ல வந்தாரு. நீ காதைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டே.

— அதான்ப்பா அதிசயமே! எட்டு வருசம் மாத்திரை இல்லாட்டி என்னை மாதிரி பொண்ணுங்களுக்கு எலும்பு காய்ஞ்ச சுள்ளி ஆயிடுமாம். எனக்குப் பாருங்க, கெட்டியா இருக்கு! டாக்டரே அசந்துட்டாரு. இன்னொண்ணு... பொம்பளைங்க விசயம், உங்ககிட்ட எப்படிச் சொல்றது. அதுவும் மாசாமாசம் ஒழுங்கா இருக்கு. அம்மாவுக்குத் தெரியும்.

— சரி சரி, பஸ்ஸு வருதான்னு பாரு.

— அஞ்சு வருசம் மாத்திரை செஞ்ச வேலையை உடம்பு தானாவே கத்துக்கிச்சுப்பா. நெனைச்சாலே சிலிர்க்குது, கையைப் பாருங்க! கல்யாணத்துக்கு முன்னாடி அன்னம்மாள் கோயில்ல ஒரு மெழுகுவத்தி கொளுத்திடணும்.

— சனிக்கிழமை கல்யாணம். திங்கக்கிழமை பாலிங்ல, உன் மாப்பிள்ளை ஜெரார்டு வீட்டுல, உனக்குக் கோப்பி யாரு கலக்குவா?

— ஐயே, இதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது? நானே கலக்கிக்குவேன்லா. உங்க கோப்பி மாதிரி நாக்கைப் புடுங்காது. வீட்டுல எல்லாருக்கும் பால் தேத்தண்ணி, எனக்கு மட்டும் பால் விடாத வரக்கோப்பி! ரப்பர் மரத்துல பால்வெட்டுக்கு நேரமானாலும் நான் கடைசி சொட்டு குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பீங்க. மாசத்துல ஒரு வாரம்தான் அம்மா கையால தேத்தண்ணி. அந்த வாரத்துக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்.

— மூணு மாசத்துக்கு ஒருக்கா பினாங்குக்கு யூனியன் கூட்டம்னு போவேனே...

— ஆமா, எட்டு வருசம் ஒரு கூட்டம் விடாம போயும் உங்களைச் செயலாளர் ஆக்கலைன்னு அம்மா இன்னும் திட்டுறாங்க. அதுக்கென்ன இப்ப?

— திட்டட்டும். நான் போனது கூட்டத்துக்கில்லன்னு அவகிட்டயும் சொல்லலை. சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும், உனக்கும் தெரிஞ்சிரும், மறுபடியும் வீசிடுவே. ராத்திரில படுத்தா, நீ சுள்ளி மாதிரி ஒடையுற மாதிரியே கண்ணுக்குத் தெரியும்மா. பயம். வேற ஒண்ணுமில்ல. நான் செஞ்சது தப்புன்னு பினாங்கு டாக்டர் கூட ஏசினாரு, ஆனா எழுதிக் குடுத்தாரு. இந்தா, இதைப் புடி.

— என்னப்பா டப்பா இது? உள்ள... ஐயோ, அப்பா, இது அந்த மாத்திரைதானே!

— மூணு வாரம் தினம் ஒண்ணு, நாலாவது வாரம் கெடையாது. வரக்கோப்பியில போட்டாத்தான் கசப்பு தெரியாது தாயி.