பச்சைச் சுவர்

நல்ல நாற்காலி என்றால், உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அது மறந்துபோக வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த ரகம் இல்லை. வந்ததிலிருந்து இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். போதாததற்கு, இருக்கிற ஒரே ஜன்னலை பீரோ வைத்து அடைத்திருக்கிறீர்கள். இப்படி ஒரு அறையில் உட்கார்ந்து எழுதினால் அறிக்கையில் தப்பு வரத்தான் செய்யும். உங்களைக் குறை சொல்லவில்லை. இதெல்லாம் என் கண்ணில் படும். இருபத்தாறு வருடமாக அதுதான் என் வேலை.

என்னைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். மாலதி, ஐம்பத்திரண்டு வயது, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது சான்பாடாவில் தனியாக வசிப்பவள், செம்பூர் அலுவலகத்தின் நிர்வாக மேலாளர். எல்லாம் சரி. விட்டுப்போனது ஒன்று. அந்த அலுவலகத்தை வடிவமைத்தவளும் நான்தான்.

அதற்கு முன்னால் அது இருந்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அனுப்பும் வேலை. மூன்றாவது மாடியில் நாற்பது பேர். மினுக் மினுக்கென்று துடிக்கும் டியூப்லைட், நடைபாதையெல்லாம் ஃபைல் மூட்டை. வாரத்துக்கு நாலு பேர் முதுகுவலி என்று லீவு போடுவார்கள். முதலாளி வெங்கடராமன் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க இஷ்டத்துக்கு மாத்துங்கோ மாலதி, ஜனங்க நிம்மதியா வேலை பார்க்கணும், வேலையும் கூடணும்" என்றார். நிம்மதியும் வேலையும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டவர் அவர்தான்.

இரண்டு மாதம் நான் ஒன்றையும் மாற்றவில்லை. அளந்தேன். யார் மேஜையில் எத்தனை வெளிச்சம், யார் கழுத்தில் ஏசி காற்று நேராக அடிக்கிறது, யார் எத்தனை மணிக்கு எழுந்து எங்கே போகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து வருகிறார்கள். பிறகு வேலையைத் தொடங்கினேன். சத்தத்தை உறிஞ்சும் தடுப்புகள், உயரம் மாற்றக்கூடிய மேஜைகள், கண் கூசாத விளக்குகள். அலுவலகத்தின் பின்கோடியில் ஓர் ஓய்வறை. இரண்டு பக்கம் தடித்த கண்ணாடி, மெத்தை இருக்கை, வெளிச்சத்தமும் தூசியும் புகாதபடி கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. மும்பையில் இத்தனை சின்ன கம்பெனியில் இப்படி ஓர் அறையை நீங்கள் பார்க்க முடியாது.

மூன்று மாதத்தில் ஒருவர் ஒருநாளைக்குப் பார்க்கும் பில் அறுபதிலிருந்து எழுபத்துநாலு ஆனது. முதுகுவலி லீவு அநேகமாக நின்றுபோனது. டெல்லியிலிருந்து ஆள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் ஓய்வறைக்கு யாரும் போகவில்லை. படிக்கட்டுக்குப் போனார்கள்.

பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு, தீயைத் தாங்கும் ரகம், அது மட்டும் நான் மாற்றிப் போட்டது. அதைத் திறந்தால் அவசரகாலப் படிக்கட்டு. பூச்சு உதிர்ந்த சுவர், புறா எச்சம். அங்கிருந்து பார்த்தால் ஹார்பர் லைன் தண்டவாளம் தெரியும், கொஞ்சம் காற்று வரும். அவ்வளவுதான். அங்கே போய், வெறும் சிமெண்டில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்துவைத்து ஒருத்தர் சோற்றில் ஒருத்தர் கை வைத்துத் தின்றுகொண்டு சிரிப்பார்கள். நடுவில் மாரீஸ்வரி. தாராவிப் பெண், முப்பது வயது, எட்டு வருடமாக அங்கே வேலை, ஆறு பேருக்கு டீம் லீடர். அவள் சிரிப்பு இரும்புக் கதவைத் தாண்டி என் கேபின் வரைக்கும் வரும். ஓய்வறைக்கு 'மீன் தொட்டி' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். ஒரு வாரத்தில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். வெங்கடராமன் சாரும் ஒருநாள் என் எதிரிலேயே சொன்னார்.

ஜனவரியில் ஊழியர் நலன் பற்றி ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். 'அலுவலகத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?' நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் எழுதியிருந்த பதில் 'படிக்கட்டு'. நான் ஒரு வருடம் உட்கார்ந்து யோசித்துக் கட்டிக் கொடுத்த இடத்தில், நான் கை வைக்காத ஒரே மூலை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். கோபம் இல்லை. ஒருநாளைக்கு ஓர் ஆளுக்கு நாற்பத்தேழு நிமிடம் அந்தப் படிக்கட்டில் போகிறது என்பது கணக்கு. கணக்கைச் சரி செய்வதுதான் என் வேலை.

அதனால்தான் பச்சைச் சுவர். தரையிலிருந்து கூரைவரை தொட்டி தொட்டியாக மணிபிளான்ட். பிளாஸ்டிக் இல்லை, உயிருள்ள செடி. இரும்புக் கதவை அது முழுக்க மறைத்துவிட்டது. இருந்தாலும் பின்னால் கதவு இருப்பது அவர்களுக்குத் தெரியுமே. செடியை நகர்த்திவிட்டுப் போகிற ஜனங்கள்தான். ஆகவே பராமரிப்பு வேலை பார்த்த ஜம்புவிடம், வெளியே படிக்கட்டுப் பக்கத்தில் தாழ்ப்பாள் வைத்துப் பூட்டச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"எமர்ஜென்சி கதவு மேடம். பூட்டக் கூடாதும்பாங்க."

"சாவி என்கிட்டயே இருக்கும் ஜம்பு. ஒண்ணுன்னா ஒரு நிமிஷத்துல திறந்துடுவேன்."

பூட்டினான். ஜூனில் வேறு வேலை கிடைத்துப் போயும்விட்டான். அவனைத் தேடிக்கொண்டு மான்குர்த் வரைக்கும் ஆள் அனுப்பினீர்களாமே. வீண் அலைச்சல். என்னிடமே கேட்டிருக்கலாம்.

ஜம்பு பூட்டியதை மாரீஸ்வரி பார்த்துவிட்டாள். நேராக என் கேபினுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்களுக்கு ஒக்கார எடம் இல்லைன்னு கேக்க வரல மேடம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இத்தன பேரும் எந்த வழியா எறங்க?"

"முன்னாடி வழி இருக்கே."

"அந்த வழியிலதான பேட்டரி ரூம வச்சிருக்கிய. அதுல இருந்தே பொகஞ்சா?"

பேட்டரி அறையை நான் முன்வாசல் பக்கம் மாற்றியது உண்மைதான். ஓய்வறைக்குப் பின்பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது. ஆனால் அதை ஒரு டீம் லீடர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜம்புவிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். சாவி என்னிடம் இருக்கும், ஒரு நிமிடத்தில் திறந்துவிடுவேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே வெங்கடராமன் சாருக்கு மெயில் எழுதினாள். அவர் அதை எனக்கு அனுப்பி 'பார்த்துக்கொள்ளவும்' என்றார். பார்த்துக்கொண்டேன். அந்த மாதம் அவள் டீமிலிருந்து இரண்டு பேரை எடுத்து வேறு டீமுக்கு மாற்றினேன்.

ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று பத்து. மழை. பேட்டரி அறையிலிருந்து புகை வந்தது. எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் ஓடினோம். நானும் ஓடினேன். மூன்று பதினாலுக்குக் கீழே காம்பவுண்டில் நின்று தலைகளை எண்ணினேன். முப்பத்தேழு. மாரீஸ்வரி முன்வாசல் வரைக்கும் வந்தவள்தானாம். பின்கோடியில் காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலை பார்த்த மெஹக்கும் கீதாவும் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பி உள்ளே ஓடினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குள் வாசலில் தீ பிடித்துவிட்டது.

மூன்று பதினாறுக்கு என் போன் அடித்தது. அந்த நாலு நிமிட அழைப்பைப் பற்றி என்னை மூன்று முறை கேட்டீர்கள். தைரியம் சொன்னேன் என்றேன். முழுதாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"மேடம், மாரீஸ்வரி பேசுதேன். மெஹக்கும் கீதாவும் எங்கூடதான் இருக்காங்க. முன்னாடி போக முடியல. செடியெல்லாம் பிச்சிப் போட்டுட்டோம். கதவு அசைய மாட்டேங்கு. பூட்டு அப்பிடியே இருக்குல்லா?"

"பதறாதே. மூணு பேரும் ஓய்வறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோங்க. புகை உள்ள வராது."

"போறோம். நீங்க சாவிய எடுத்துட்டு ஜல்தி வாங்க மேடம். கீழதான நிக்கிய?"

"வரேன்."

பின்னால் கீதா இருமுவது கேட்டது. மெஹக் அவள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி அவர்களைச் சமாதானப்படுத்துவதும், கதவைச் சாத்துவதும் கேட்டது. நானும் கைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துவிட்டேன். பின்படிக்கட்டு பத்தடி தூரத்தில். ஐம்பத்துநாலு படி. அளக்கும்போது ஏறிப் பார்த்திருக்கிறேன், ஒன்றரை நிமிடம். அப்போது அவள் சொன்னாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா மேடம்."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். நான் போனை வைத்துவிட்டேன்.

மேலே போய்த் திறந்தால், அவள் வெளியே வருவாள். அத்தனை பேர் முன்னால், பூட்டைக் காட்டி, அதையே இன்னொரு தடவை சொல்வாள். ஒரு வருட உழைப்பு முழுக்க அந்த ஒரு பூட்டாகிவிடும். ஐந்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. மழையில் ஃப்ளைஓவருக்குக் கீழே டிராஃபிக். மூன்று இருபத்தேழுக்குத்தான் காம்பவுண்டுக்குள் நுழைந்தது. யாரோ பின்னால் படிக்கட்டு இருக்கிறது என்று கத்தினார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பி, பின்னால் வழி உண்டா என்று ஹிந்தியில் கேட்டார். வரைபடம் என்னுடையது என்பதால் என்னிடம் கேட்டார். "அதை அடைத்துச் சுவர் எழுப்பியாகிவிட்டது" என்றேன். அவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினார்கள். பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்று போன மாதம் உங்களிடம் சொன்னேன். நான் பதறவில்லை.

மாரீஸ்வரி அதற்கப்புறம் ஏழு தடவை கூப்பிட்டாள். போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் "எடுங்க மேடம்" என்றாள். வீட்டிலிருந்து வருகிறது என்றேன். கடைசி அழைப்பு மூன்று முப்பத்துநாலு.

ஆறு மணிக்குக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பின்படிக்கட்டில் காவல் போடவில்லை. ஏறிப் போய்ப் பூட்டைக் கழற்றினேன், தாழ்ப்பாளை நீக்கினேன். வாஷி பாலத்தின்மேல் ரயில் போகும்போது சாமிக்குப் போட்ட பூவைக் கழிமுகத்தில் எறிவார்கள், பார்த்திருப்பீர்கள். அன்று வீடு திரும்பும்போது நானும் ஒரு பொட்டலத்தை எறிந்தேன், உள்ளே பூட்டு. பக்கத்தில் நின்றவர் கை கூப்பிக் கும்பிட்டார்.

உங்களுக்கு அதில் குழப்பம் வந்தது எனக்குத் தெரியும். செடியைப் பிய்த்திருக்கிறார்கள், விரல் நகத்தில் மண் இருக்கிறது, பூட்டு போட்டதாகப் பேச்சு, போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு இல்லை, பிறகு ஏன் வெளியே வரவில்லை? கடைசியில் நீங்களாகவே ஒரு முடிவுக்கு வந்து எழுதிவிட்டீர்கள். வெப்பத்தில் கதவு சட்டத்தோடு இறுகிக்கொண்டது, மாரீஸ்வரி தவறான முடிவெடுத்து மற்ற இருவரையும் ஓய்வறைக்குள் அழைத்துப் போனாள், அந்த அறை புகையைத் தடுக்கத் தவறியது. அவள் கணவர் மாரிக்கண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மெஹக் வீட்டு ஆட்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். பதிலுக்கு நானும் சொன்னேன்.

அவருக்காக நான் வரவில்லை. மனசாட்சி என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். நேற்று உங்கள் அறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. ஒன்பதாம் பக்கத்தைப் படித்தபிறகு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. 'குறைபாடுள்ள வடிவமைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். வெங்கடராமன் சார் அதைக் காட்டி எல்லாவற்றையும் இடித்துத் தள்ளப் போகிறார்.

அந்தக் கதவு இறுகும் ரகம் இல்லை. இரண்டு மணி நேரம் தீயில் நின்றாலும் கை வைத்தால் திறக்கும். நான் தேர்ந்தெடுத்தது. ஓய்வறை பதினைந்து நிமிடம் புகையைத் தடுக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவளுடைய கடைசி அழைப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு நிமிடம் தடுத்திருக்கிறது. சொன்னதைவிட மூன்று நிமிடம் அதிகம். அந்தப் பதினெட்டு நிமிடமும் சாவி என் கையில் இருந்தது, நான் போய்த் திறக்கவில்லை. மூன்று பேரும் செத்தது அதனால்தான். வேறு காரணம் இல்லை.

இதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் என் கண் முன்னால் அடித்துவிடுங்கள்.