இருபது மீட்டர் வட்டம்

2023 ஜூன் 14, புதன்கிழமை. மெக்சிகோவின் வடமேற்கில், ஹெர்மொசில்யோ நகரத்துக் கைப்பேசிச் சந்தையில் குளிர்சாதனம் பழுதாகி இரண்டாம் நாள். கடை எண் 31. கடைக்காரர் எலிசேயோ. வாங்க வந்தவர் ஒஃபேலியா.

எலிசேயோ: ...பாதி விலைக்கு ராக்கெட் அக்கா இது. இருபதாயிரம் பெசோ போனுக்குள்ள இருக்கற அதே சிப்பு. உங்களுக்கு எட்டாயிரம்.

ஒஃபேலியா: ராக்கெட்ல போற அளவுக்கு எனக்கு அவசரம் இல்ல தம்பி.

எலிசேயோ: கேம் ஆடினாத்தான் இதோட அருமை தெரியும். ஒரு இடத்துல திக்காது.

ஒஃபேலியா: என்னப் பாத்தா கேம் ஆடற மூஞ்சியாவா இருக்கு?

எலிசேயோ: பேரன் ஆடுவான்ல?

ஒஃபேலியா: பேரன் இல்ல.

எலிசேயோ: சரி விடுங்க... இதப் பாருங்க, இருபது நிமிஷத்துல முழு சார்ஜ். காபி போட்டுக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள—

ஒஃபேலியா: வெயில்ல ஸ்கிரீன் தெரியுமா?

எலிசேயோ: தெரியுமே.

ஒஃபேலியா: நம்ம ஊர் வெயில்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு. மரமே இல்லாத இடத்துல.

எலிசேயோ: ...அந்த வெயில்ல எதுக்கு அக்கா போனப் பாக்கணும்?

ஒஃபேலியா: தெரியுமா, தெரியாதா?

எலிசேயோ: உண்மையச் சொல்லவா? மொதல் பத்து நிமிஷம் பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் சூடாயிரும். சூடானா அதுவே வெளிச்சத்தக் கொறச்சுக்கும். இந்த சிப்புல அதான் வில்லங்கம். வேகமும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி.

ஒஃபேலியா: ஈரத் துணியில சுத்தி வச்சா?

எலிசேயோ: ஐயோ, தண்ணியே ஆகாது! விலையக் கொறைக்க எதுலயாவது கை வைக்கணும்ல. தண்ணிக்கும் தூசிக்கும் அடைப்பு கிடையாது. அதுல மிச்சம் பிடிச்சுட்டாங்க.

ஒஃபேலியா: தூசி சரி. மண்ணு?

எலிசேயோ: மாவு மாதிரி மண்ணுன்னா சார்ஜ் ஓட்டையில ஏறிடும். ரப்பர் மூடி ஒண்ணு போட்டுத் தர்றேன், காசு வேண்டாம். என்ன, திராட்சைத் தோட்டத்துல வேலையா?

ஒஃபேலியா: பள்ளிக்கூடத்துல சமைக்கறேன். சனிக்கிழமைதான் மண்ணு. கையுறை போட்டுக்கிட்டு அமுக்கினா கேக்குமா?

எலிசேயோ: மெல்லிசு கையுறைன்னா கேக்கும். பேட்டரி ரெண்டு நாள் நிக்கும். பின்பக்கம் பிளாஸ்டிக்கு, அதனால லேசா இருக்கும்.

ஒஃபேலியா: கேமரா?

எலிசேயோ: அத மட்டும் கேக்காதீங்க. கண்ணு மூணு இருக்கும். ஒண்ணுதான் பாக்கும். மத்த ரெண்டும் அழகுக்கு வச்சது.

ஒஃபேலியா: ஒண்ணு போதும். சின்ன சாமானப் பக்கத்துல வச்சு எடுத்தா தெளிவா விழணும். சட்டைப் பொத்தான், சாவி... பல்லு.

எலிசேயோ: ...பல்லா?

ஒஃபேலியா: பல்லுதான்.

எலிசேயோ: அக்கா... நீங்க அந்த அம்மாக்களோட...

ஒஃபேலியா: ஆமா. காணாமப் போன புள்ளைங்களத் தேடி, கம்பியும் மண்வெட்டியும் தூக்கிட்டுப் போறோம்ல, அந்த அம்மாக்கள்தான். எதுக்கு முகம் வெளுக்குது உனக்கு? என் மகன் பேரு ரெனே. ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு.

எலிசேயோ: ...வருத்தமா இருக்குக்கா.

ஒஃபேலியா: வருத்தம் இருக்கட்டும். மேப்பு எத்தன மீட்டர் தப்பாக் காமிக்கும்? அதச் சொல்லு.

எலிசேயோ: இது உங்களுக்கு ஒத்து வராதுக்கா.

ஒஃபேலியா: எது?

எலிசேயோ: இந்த போன். சூடாகும்னு சொன்னேன்ல. ஒரு தடவ கல்லு மேல விழுந்தா முடிஞ்சுது. ரெண்டு வருஷத்துக்கு மேல கம்பெனி எதுவும் புதுப்பிச்சுத் தராது. காதுல வச்சுப் பேசினா கன்னம் பட்டே கட்டாயிரும், அதுக்கான சென்ஸார்லகூட காசு மிச்சம் பிடிச்சிருக்காங்க... நாலு கடை தள்ளி 27-ல கேளுங்க. நல்லதா எடுத்துக் குடுப்பாங்க.

ஒஃபேலியா: அஞ்சு நிமிஷம் முன்னாடி ராக்கெட்டு.

எலிசேயோ: அது வியாபாரத்துக்குச் சொல்றது.

ஒஃபேலியா: ராக்கெட்டு எப்ப கட்டை வண்டி ஆச்சு தம்பி? நான் பல்லுன்னு சொன்னப்பவா?

எலிசேயோ: மெதுவாப் பேசுங்க. இங்க ஒவ்வொரு சுவருக்கும் பத்துக் காது.

ஒஃபேலியா: கேக்கட்டும். போன் வாங்க வந்திருக்கேன். எத்தன மீட்டர்?

எலிசேயோ: ...ஒண்ணு. மிஞ்சினா ரெண்டு. மத்த மலிவு போனெல்லாம் அஞ்சு மீட்டர் வரைக்கும் உளறும். இது சாட்டிலைட்ட ரெண்டு அலைவரிசையில பிடிக்குது. அது சிப்போடயே வர்றது, அதுல அவங்களால கை வைக்க முடியல.

ஒஃபேலியா: அதான் வேணும் எனக்கு. அஞ்சு மீட்டர் தப்புன்னா ஒரு சனிக்கிழமை போச்சு. கம்பிய அடிச்சு இறக்கணும், உருவி நுனியில பொண வாடை வருதான்னு மோந்து பாக்கணும், மறுபடி ஒரு அடி தள்ளி இறக்கணும்... எங்க, இப்ப திறந்து காமி.

எலிசேயோ: இங்க சரியாக் காமிக்காது. தகரக் கூரை. கட்டடத்துக்குள்ள எந்த போனா இருந்தாலும் இருபது மீட்டர் வட்டம்தான் போடும்.

ஒஃபேலியா: இருபது மீட்டர்.

எலிசேயோ: ஆமா.

ஒஃபேலியா: அந்த வட்டம் எனக்குத் தெரியும் தம்பி.

எலிசேயோ: ...என்ன சொல்றீங்க?

ஒஃபேலியா: ரெனே வாடகைக் கார் ஓட்டினான். போன்ல வர்ற சவாரி. 2021 மார்ச் மூணாந்தேதி காலையில கடலுக்குப் போற ரோட்டுல அவன் சிக்னல் அறுந்து போச்சு. அதோட சரி. போன மாசந்தான் அவன் தங்கச்சி அவனோட மெயில் கணக்கத் திறந்தா. போன் எங்கெங்க இருந்துச்சுன்னு அதுல பதிவாகியிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு, மார்ச் அஞ்சு, சாயங்காலம் நாலு பத்துக்கு அந்த போனுக்கு ஒரு தடவ உசுரு வந்திருக்கு. எங்கன்னு கேளு.

எலிசேயோ: அக்கா...

ஒஃபேலியா: கேளு.

எலிசேயோ: எங்க?

ஒஃபேலியா: இந்தச் சந்தையில. மேப்புல ஒரு நீல வட்டம். நடுவுலேர்ந்து இருபது மீட்டர். நான் அடி வச்சு அளந்தேன். வட்டத்துக்குள்ள பதினாலு கடை. பதிமூணு கடையிலயும் ஏதாவது ஒண்ணு வாங்கிட்டேன், பதினாலாவது உன் கடை. வீட்ல இருக்கறது ஒரு ஓட்ட போன். அதுக்குக் கவர் ஏழு.

எலிசேயோ: தினம் அம்பது பேர் பழைய போன் கொண்டாறாங்க. யாரு, எவருன்னு நான் கேக்கறதில்ல. கேக்கவும் முடியாது.

ஒஃபேலியா: உன்னக் குத்தம் சொல்ல வரல. திருட்டு போன்ல உள்ளதையெல்லாம் அழிச்சுத் தொடச்சுக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எலிசேயோ: நான் அந்த வேலை—

ஒஃபேலியா: எவ்வளவு நேரம்?

எலிசேயோ: ...ரெண்டு நிமிஷம்.

ஒஃபேலியா: பதிமூணு கடையிலயும் அதான் சொன்னாங்க. என் மகன் போன் பதினோரு நிமிஷம் உசுரோட இருந்திருக்கு. நாலு பத்துலேர்ந்து நாலு இருபத்தொண்ணு. ஏன்?

எலிசேயோ: எனக்குத் தெரியாது.

ஒஃபேலியா: என் கண்ணப் பாத்துச் சொல்லு.

எலிசேயோ: எனக்கு நாலு வயசுல பொண்ணு இருக்குக்கா. நீங்க போங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

ஒஃபேலியா: எனக்கும் நாலு வயசுல ஒரு பையன் இருந்தான். இருபத்தாறு வயசு வரைக்கும் வளத்தேன்.

எலிசேயோ: ...ஐயோ. அங்க தொப்பி போட்டவன் வர்றான், அவங்க ஆளு. திரும்பாதீங்க! நீங்க என் சித்தி. புரியுதா? சித்தி.

தொப்பிக்காரன்: எலிசேயோ! ஸ்கிரீன் கண்ணாடி ஒண்ணு ஒட்டு. மறுபடி உடச்சுட்டேன்.

எலிசேயோ: வா, வா. ஒரு நிமிஷம் இரு. சித்திக்கு போன் ஒண்ணு முடிச்சுக் குடுத்துர்றேன்.

தொப்பிக்காரன்: சித்தியா? மூணு வருஷமா வர்றேன், உனக்கு சித்தி இருக்கறத சொன்னதே இல்லயே.

எலிசேயோ: அம்மாவோட தங்கச்சி. உரெஸ்லேர்ந்து வந்திருக்காங்க.

தொப்பிக்காரன்: வணக்கம் சித்தி. கறுப்பு போனா? மேப்பெல்லாம் திறந்து கிடக்கு... உங்களுக்கு எதுக்கு மேப்பு?

எலிசேயோ: கள்ளிக்காட்டுல பித்தாயாப் பழம் பறிக்கப் போவாங்க. போன வருஷம் வழி தவறி—

தொப்பிக்காரன்: நான் சித்தியக் கேட்டேன்.

ஒஃபேலியா: வயசாயிட்டா ஒரு கள்ளிக்கும் அடுத்த கள்ளிக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேங்குது தம்பி. கூடை நிறைஞ்சுது. திரும்பிப் பாத்தா வழியக் காணோம்.

தொப்பிக்காரன்: எந்தப் பக்கம் பறிப்பீங்க?

ஒஃபேலியா: பழம் இருக்கற பக்கம்.

தொப்பிக்காரன்: ஹா! வாயப் பாரு. எலிசேயோ, உன் குடும்பந்தான், சந்தேகமே இல்ல.

எலிசேயோ: சித்தி, ஏழாயிரத்து ஐந்நூறு குடுங்க, போதும். பெட்டி, சார்ஜர், ரப்பர் மூடி எல்லாம் பையில இருக்கு. இருங்க... மேப்புல ஒரு இடம் குத்தித் தர்றேன்.

ஒஃபேலியா: என்ன இடம்?

எலிசேயோ: நல்ல பழம் உள்ள இடம். 'பித்தாயா'ன்னு பேர் போட்டிருக்கேன். நெட் இல்லாட்டியும் காமிக்கும்.

தொப்பிக்காரன்: அடேயப்பா, எண்ணு எண்ணா அடிக்கறான். கள்ளிச் செடிக்கெல்லாம் நம்பரா?

எலிசேயோ: ஒருத்தர் சொன்னாரு. நான் பாத்ததில்ல.

ஒஃபேலியா: ...பழம் இருக்குமா அங்க?

எலிசேயோ: தெரியாது சித்தி. ரெண்டு வருஷமா யாரும் அந்தப் பக்கம் போகலன்னு நெனைக்கறேன். பகல்ல போங்க. தனியாப் போகாதீங்க, உங்க கூட்டம் மொத்தமும் போங்க.

ஒஃபேலியா: சனிக்கிழமை போறோம்.

எலிசேயோ: அது வரைக்கும் அந்தப் புள்ளிய யாருக்கும் காமிக்காதீங்க... நல்ல பழம்னா எல்லாரும் வந்துருவாங்க.

தொப்பிக்காரன்: எனக்கும் ஒரு பை கொண்டாங்க சித்தி.

ஒஃபேலியா: கொண்டாறேன் தம்பி. உன் பேரச் சொல்லு, பையில எழுதி வைக்கறேன்.

தொப்பிக்காரன்: ...இவன்கிட்ட குடுங்க. இவனுக்குத் தெரியும்.

ஜூன் 17, சனிக்கிழமை, பிற்பகல் 1.40. தொலைபேசியில்.

ஒஃபேலியா: தம்பி, கறுப்பு போன்லேர்ந்துதான் பேசறேன்.

எலிசேயோ: ...சொல்லுங்க சித்தி.

ஒஃபேலியா: பக்கத்துல ஆள் இருக்கா?

எலிசேயோ: இல்ல. பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். பொண்ணும் அவ அம்மாவும் தண்ணி வாங்கப் போயிருக்காங்க.

ஒஃபேலியா: கடை?

எலிசேயோ: சாவிய 27-ல குடுத்துட்டேன். எந்த ஊருக்குன்னு கேக்காதீங்க.

ஒஃபேலியா: கேக்கல.

எலிசேயோ: நீங்க எங்க இருக்கீங்க?

ஒஃபேலியா: ரோட்டு மேல. இங்க வந்தாத்தான் சிக்னல்.

எலிசேயோ: போன் சூடாச்சா?

ஒஃபேலியா: ஆச்சு. பத்து நிமிஷம்னு சொன்ன, எட்டு நிமிஷத்துலயே வெளிச்சம் படுத்துருச்சு. கூட வந்த அம்மாக்கள்ல எர்மினியா அவ தொப்பிய மேல பிடிச்சா, அப்புறம் தெரிஞ்சுது. மண்ணு ஏறல. கன்னம் பட்டு ரெண்டு தடவ கட்டாச்சு, இப்பகூட தள்ளித்தான் பிடிச்சிருக்கேன்.

எலிசேயோ: மேப்பு?

ஒஃபேலியா: நீ குத்தின புள்ளியிலேர்ந்து ரெண்டு மீட்டர். கம்பி நாலாவது தடவ இறங்கினதும் தெரிஞ்சுது.

எலிசேயோ: யாராவது... இருந்தாங்களா?

ஒஃபேலியா: ரெண்டு பேர். நாங்களே அரசு ஆளுங்களக் கூப்பிட்டோம், வந்து நாடா கட்டிட்டாங்க. சோதனை முடிவு வர ரெண்டு மாசம் ஆகுமாம். எனக்கு அது வேண்டாம். பெல்ட்டு அவனோடது. கடைசி ஓட்ட நான் ஆணி வச்சு அடிச்சது, கொஞ்சம் கோணலா இருக்கும். போட்டோ எடுத்துட்டேன். தெளிவா விழுந்திருக்கு. அந்த ஒரு கண்ணே போதும்.

எலிசேயோ: அக்கா, நான் முன்னாடியே...

ஒஃபேலியா: அது வேண்டாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. பதினோரு நிமிஷம் ஏன் ஆச்சு?

எலிசேயோ: திறந்ததும் அவரோட கடைசி சவாரி அப்படியே நின்னுக்கிட்டிருந்துச்சு. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஊர் பேர் இல்ல, தெருப் பேர் இல்ல, வெறும் எண்ணு. கொண்டாந்த ரெண்டு பேரும் எதிர்லயே நின்னு டாக்கோ தின்னுக்கிட்டிருந்தாங்க, எழுதிக்க முடியல. தொடைக்க ரெண்டு நிமிஷந்தான் அக்கா. மீதி ஒம்பது நிமிஷம் அத மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்.