ஒண்ணுமில்லாத கட்டி

இல்லக்கா, எனக்கு இல்ல. வீட்டுக்காரருக்கு. நுரையீரல்ல கட்டி. ஐயோ, பதறாதீங்க, புத்துநோய் இல்லையாம். இப்பதான் டாக்டர் சொன்னாரு. பஸ்ஸுல ஏறுனதும் அழறாளேன்னு பாக்குறீங்க, அதான் விஷயம்.

கண்டுபிடிச்சதே தற்செயலாத்தான். புது வேலைக்கு நெஞ்சு எக்ஸ்ரே கேட்டாங்க. வலது பக்கம் கோலிக்குண்டு கணக்கா ஒண்ணு. இருமல் கெடையாது, சளி கெடையாது, ஆளு கல்லு மாதிரி இருந்தாரு. அப்புறம் ஸ்கேன். ஓரமெல்லாம் மழமழன்னு இருக்கு, நல்ல அடையாளம்தான், ஆனா படத்தை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

சதையெடுத்துப் பாக்கணுமாம். குப்புறப் போட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே முதுகு வழியா ஊசி. அதுலயும் தெளிவாத் தெரியல. புத்துநோய் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குன்னாங்க. ரொம்ப அபூர்வமான கட்டியாம், பெரிய பெரிய டாக்டருங்களே ஏமாந்துடுவாங்களாம்.

அவரா? என் கையை விடவே இல்ல. குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளிய நின்னு, இருக்கியான்னு கேப்பாரு. நோவு வந்ததால இல்லக்கா, கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தான். வேலைக்குப் போறப்ப வீட்டை வெளிய பூட்டிட்டுப் போவாரு. அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. சாவி மட்டும் அவருகிட்ட. பாசம்னு எங்கம்மாவே சொன்னாங்க.

எக்ஸ்ரே வந்த அன்னிக்குத்தான் தங்கச்சி பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வர்றதா இருந்தா. நான் பெட்டி கட்டி வெச்சிருந்தேன். அதுக்குள்ள அவரு படத்தோட வந்துட்டாரு. இப்ப நீ போனா நான் செத்தே போயிடுவேன்னாரு. எப்படிக்கா போறது? சாகப் போறவரை விட்டுட்டுப் போனவன்னு என்னாலயே என் மூஞ்சியப் பாக்க முடியுமா? பெட்டியப் பிரிச்சுத் துணிய மறுபடி அடுக்குனேன். தங்கச்சி வாசலோட திரும்பிப் போனா.

கடைசியில ஆபரேஷன். கட்டியை முழுசா எடுத்து, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தாங்க. அதோட முடிவு வர்ற வரைக்கும் தூக்கி உக்கார வெச்சது, மூச்சுப் பயிற்சி குடுத்தது எல்லாம் நான்தான். மனசாரச் செஞ்சேன். பொய் சொல்லல.

இன்னிக்குத் தையல் பிரிச்சாங்க, முடிவையும் சொல்லிட்டாங்க. ஆபத்தில்லாத கட்டிதான், சுத்தமா எடுத்தாச்சு. இனி இவருக்கு ஒண்ணும் ஆகாதேன்னு டாக்டரைக் கேட்டேன். ஆகாதும்மான்னாரு. தனியா இருந்தாக்கூடவான்னு கேட்டேன். டாக்டர் சிரிச்சுட்டாரு, நூறு வயசு இருப்பாரும்மான்னாரு.

அவரு தேம்பித் தேம்பி அழுதாரு. நீ இருந்ததாலதான் பொழச்சேன், இனிமே உன்னை ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்னாரு. ஆசையாத்தான் சொன்னாரு. நான் அவரு பிடியிலேருந்து என் கையை மெதுவா உருவிக்கிட்டேன்.

அவரும் இந்த பஸ்ஸுலயா? இல்லக்கா, அவரு மருந்து வாங்குற வரிசையில நிக்கிறாரு. பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

தங்கச்சி வீட்டுக்கா? மொதல்ல அங்கதான் தேடுவாரு.

அப்பாடா, பஸ்ஸை எடுத்துட்டான். கண்டக்டர் வர்றாரு பாருங்க. ஏங்கக்கா, இந்த வண்டி எது வரைக்கும் போகுது?