ஆடவைத்த பாட்டு

சுவிஸின் பேர்ண் நகர ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

“உங்கட பாட்டுக்கு ஆக்கள் எழும்பி ஆடினதை நேற்றுச் சூக் நகரத்தில நடந்த கலியாணத்திலதான் முதன்முதலாப் பாத்தன்,” என்றார் மனைவி.

“அது என்ர பாட்டோ? கிட்டாரோட மெதுவா, ஆறுதலாப் பாடுற கிராமத்துக் காதல் பாட்டு. உமக்கெண்டு எழுதினது. அந்தப் பாட்டுக்காரப் பெட்டை அதைப் பொப் பாட்டாக்கி விழுந்தடிச்சுப் பாடியிருக்கிறாள்.”

“அவளாலதானே இப்ப எல்லாரும் கேக்கினம்.”

“அந்தக் காலத்தில நீர் அதைக் கேட்டுத்தானே கலியாணத்துக்கு ஓமெண்டனீர்?”

“பாட்டை நிப்பாட்டத்தான் ஓமெண்டனான்.”

கணவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டையின் வேகத்திலேயே முணுமுணுக்கத் தொடங்கினார்.

மனைவி அவர் கையைத் தட்டினார்.

“அப்பிடி வேண்டாம். உங்கட மாதிரி ஆறுதலாப் பாடுங்கோ. இறங்க இன்னும் நாலு தரிப்பு கிடக்கு.”